தமிழ் எழுத்தில் ஆங்கில உச்சரிப்பு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விமர்சனம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி நிலம். கரிசல் மண், கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்கள், எங்கும் சீமைக்கருவேல், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே தெரியும் குண்டாறு என்பது இதன் தோற்றம். அருப்புக்கோட்டையில் நெசவு உண்டு. சுற்றுக் கிராமங்களில் பருத்தி, மல்லி, சிறுதானியம், கரிமூட்டம் என்று பிழைப்பு நடக்கிறது. 2018-இல் இந்திய அரசு வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலை அறிவித்தபோது விருதுநகரும் அதில் இடம்பெற்றது. இத்தகைய நிலத்தில் படிப்பு என்பது பெரும்பாலும் வெளியூர் வேலைக்கான வழி. அந்த வழியில் ஆங்கிலப் பேச்சு ஒரு சுங்கச்சாவடிபோல நிற்கிறது.

வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியர் எழுதும் ஐஈஎல்டிஎஸ் தேர்வை எடுத்துக்கொள்ளலாம். அதன் பேச்சுப் பகுதியில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம எடை பெறுகின்றன. ஆகவே மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு உச்சரிப்புக்கு உரியது. பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவர்கூட, சொன்னதையே மூன்று முறை சொல்ல நேர்ந்தால் அந்த இடத்தில் சறுக்கிவிடுகிறார். இந்த மாணவருக்கு உச்சரிப்பைக் கற்பிக்கத் தமிழில் என்ன கருவி இருக்கிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

மூன்றாம் பத்தி

பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் நூல்கள் தொங்குகின்றன. முப்பது நாள், அறுபது நாள் என்று கெடு வைத்த தலைப்புகள். அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே: முதல் பத்தியில் தமிழ் வாக்கியம், இரண்டாவதில் ஆங்கில வாக்கியம், மூன்றாவதில் அதே ஆங்கிலம் தமிழ் எழுத்தில். ஆசிரியர் அருகில் இல்லாத மாணவருக்கு அந்த மூன்றாம் பத்திதான் ஆசிரியர். அவர் பொருளை முதல் பத்தியில் பார்க்கிறார், வாய்விட்டுப் படிப்பது மூன்றாம் பத்தியை.

அந்தப் பத்தியில் 'பேக்' என்று ஒரு சொல் வருவதாகக் கொள்வோம். அது முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக இருக்கலாம். தோளில் மாட்டும் பையாக இருக்கலாம். பொட்டலம் கட்டுவதாகவும் அடுமனையில் ரொட்டி சுடுவதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவை நான்கு வெவ்வேறு ஒலிக்கோவைகள். முதல் மெய், இடை உயிர், ஈற்று மெய் என ஏதேனும் ஒன்று சொல்லுக்குச் சொல் மாறுகிறது. தமிழ் எழுத்தில் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. விலையும் பரிசும் 'பிரைஸ்' ஆகின்றன. கண்களும் பனிக்கட்டியும் 'ஐஸ்' ஆகின்றன. மேற்குத் திசையும் பனியனும் 'வெஸ்ட்' ஆகின்றன. (இக்கட்டுரையும் ஒலியைத் தமிழ் எழுத்தாலேயே காட்டுவதால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைச் சேர்த்துச் சொல்லி வேறுபடுத்த வேண்டியிருக்கிறது. மூன்றாம் பத்தியின் இக்கட்டு அதுவே.)

இதை அச்சகத்தாரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. தமிழ் எழுத்து தமிழுக்காக அமைந்தது. தமிழ்ச் சொல்லில் 'ப' எங்கே வருகிறது என்பதைக் கொண்டே அதன் ஒலி தெரிந்துவிடும்: 'பல்' என்பதில் வல்லொலி, 'கம்பு' என்பதில் குரல் அதிரும் மெல்லிய ஒலி. 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை ஒரு விதியாகவே எடுத்துரைத்தார். இடம் ஒலியைத் தீர்மானிக்கும்போது தனி எழுத்து தேவையில்லை. ஆங்கிலத்தில் இடம் தீர்மானிப்பதில்லை. அதனால்தான் தமிழுக்குச் சிக்கனமான அதே முறை அங்கே குழப்பமாகிறது.

மன்னிக்க முடியாதது வேறொன்று. வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் நூல்களில் 'க' மீது 2, 3, 4 என்று சிறு எண் இட்டு நான்கு வகைக் ககரத்தைப் பிரித்துக் காட்டும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. தமிழ் அச்சுக்குத் தீர்வு தெரியாமல் இல்லை. சுலோகத்துக்குக் காட்டிய அக்கறையை வேலை தேடும் மாணவரின் பாடநூலுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். ஆய்த எழுத்தை முன்னிட்டு 'ஃபேன்' என்று எழுதும் பழக்கம் மட்டும் பரவலாக நிலைத்தது. மற்ற ஒலிகளுக்கு அதுபோல ஒரு முயற்சியும் இந்நூல்களில் ஊன்றவில்லை.

மூன்றாம் பத்தியின் இன்னொரு தீங்கு குறைவாகவே கவனிக்கப்படுகிறது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் அது மெலியும். மெலியாமல் காட்ட இரட்டித்தே எழுத வேண்டும். ஆகவே 'பேப்பர்', 'சூப்பர்', 'லக்கி' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே இரட்டிப்பு கிடையாது. நாக்கோ உதடோ ஒருமுறை தொட்டு விலகும். தமிழ் எழுத்தில் படித்துக் கற்றவர் அந்த இரட்டிப்பை மனமாரப் பலுக்குகிறார். நூலில் உள்ளபடிதான் படிக்கிறார் என்பதால் இது மாணவரின் பிழையாகாது.

வாயில் இருப்பதும் எழுத்தில் இல்லாததும்

இத்தகைய நூல்களும் பயிற்சி மையங்களும் 'தாய்மொழித் தாக்கம்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் விளக்கிவிடுகின்றன. தமிழருக்கு அந்த ஒலிகள் வராது என்பது அதன் உட்பொருள். இவ்வட்டாரத்தின் எந்த ஊரிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆங்கிலமே அறியாத மூதாட்டி 'பஸ்' என்பதையும் 'பல்' என்பதையும் ஒரே பகரத்தால் சொல்வதில்லை. முதலதில் குரல் அதிர்கிறது, இரண்டாவதில் அதிர்வதில்லை. 'காந்தி'யின் ககரமும் 'காடு' என்பதன் ககரமும் அவ்வாறே. வல்லொலியும் அதிரொலியும் பேச்சுத் தமிழில் சொல்லின் முதலிலேயே எதிர்நிற்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. வாய்க்குத் தெரிந்த வேறுபாட்டை எழுத்து மறைக்கிறது.

இவ்வட்டாரம் தமிழ் மட்டும் பேசும் வட்டாரமும் அன்று. அருப்புக்கோட்டையின் நெசவாளரான தேவாங்கர் வீட்டில் கன்னடம் பேசுபவர்கள். கரிசல் கிராமங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கில் முதலெழுத்தை வல்லொலியாகச் சொன்னால் 'பாட' என்பது பாட்டு. அதிரொலியாகச் சொன்னால் பாதை. வீட்டில் நாள்தோறும் இந்த வேறுபாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளியில் மூன்றாம் பத்தியைப் படித்ததும் அதை மறந்து, பொட்டலத்தையும் பையையும் ஒன்றாக்கிவிடுகிறது. வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வீட்டுமொழியிலேயே பாடம் கிடைக்கிறது என்பதை எந்த வழிகாட்டி நூலும் நினைத்துப் பார்ப்பதில்லை. தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் தங்கள் வீட்டுமொழியைப் பள்ளியில் வெளிக்காட்டக் கூசுவது வழக்கம். இந்த ஒரு பாடத்திலாவது அவர்கள் மற்றவருக்குக் கற்றுத்தரலாம்.

படியெடுத்தல்

ஆங்கிலத்தைக் காதால் அல்லாமல் கையால் கற்பிக்கும் மரபு பழையது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, ஆங்கிலக் கல்விக்காகவே திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அனுப்பப்பட்டவர். 1896 ஆகஸ்ட் 29 அன்று அவர் மதுரை வீட்டில் செய்துகொண்டிருந்தது, பெயினின் ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதும் பள்ளித் தண்டனை. இரண்டு முறை எழுதினார். மூன்றாவது முறை எழுதாமல் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். ஆன்மிக வரலாறாகச் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியில் கல்வி வரலாற்றுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலம் வராத பிள்ளைக்கு அன்று தரப்பட்ட மருந்து, மீண்டும் எழுது என்பது. நூற்றாண்டு கடந்தும் கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் 'ஐந்து முறை எழுதுக' என்று வருகிறது. 'ஐந்து முறை சொல்லிக் காட்டுக' என்று எழுதிய ஏடு அரிது.

கல்லூரியில் நிலை சற்று வேறு. ஆங்கில இலக்கியம் படிப்பவருக்கு ஒலியியல் ஒரு தாளாகவே உண்டு. 1981-இல் மேக்மில்லன் வெளியிட்ட த. பாலசுப்பிரமணியனின் இந்திய மாணவருக்கான ஆங்கில ஒலியியல் நூல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாகப் படிக்கப்படுகிறது. அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது பேச்சுத் தமிழின் ஒலியியலை. தமிழ் வாயை அறிந்த ஒருவர் எழுதிய நூல் அது. ஒலி பிறக்கும் இடம், அழுத்தம், சந்தம் எல்லாம் தெளிவாக உள்ளன. குறை நூலில் அன்று, அது பயன்படும் முறையில் உள்ளது. ஒலிக்குறிகளை மனப்பாடம் செய்து தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, அந்தச் சொல்லை வாயால் பழைய மூன்றாம் பத்திப்படியே சொல்லும் பட்டதாரிகள் உண்டு. ஒலியியலையும் படியெடுக்கும் பாடமாக மாற்றியதில் நம் தேர்வு முறைக்கு நிகர் இல்லை.

சீன மாணவருக்கான பயிற்சி, தமிழ் மாணவருக்கு

இன்று கைபேசியில் உச்சரிப்புப் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் கணிசமானவை கிழக்காசிய மாணவரை மனத்தில் வைத்து அமைந்தவை. சீனத்தில் ஆங்கிலம் கற்போர் தொகை மிகப் பெரியது. சந்தை அவர்களை நோக்கித் திரும்புவது இயல்பு. பிழை, அதே பயிற்சியை அப்படியே தமிழில் விளக்கித் தருவதில் இருக்கிறது. இரு மொழியினரும் ஆங்கிலத்தில் இடறும் இடங்கள் வேறு.

ரகர, லகர வேறுபாடு கிழக்காசியர் பலருக்கு மலைபோன்றது. ர, ற, ல, ள, ழ என ஐந்தை எழுதிப் பழகிய தமிழருக்கு அது பொருட்டே அன்று. ழகரத்தை ளகரமாகச் சொல்லும் தென்மாவட்டத்தாருக்கும்கூட. நன்றி சொல்லும் ஆங்கிலச் சொல்லின் முதலொலியைச் சீனர் பலர் சகரம்போல் சொல்லிவிடுகிறார்கள். தமிழர் தகரமாகச் சொல்கிறார்கள்: 'தேங்க்ஸ்'. அது ஆங்கிலேயர் ஒலி அன்று என்றாலும், மெல்லிய என்னும் சொல்லையும் தகர டப்பாவைக் குறிக்கும் சொல்லையும் தகரமும் டகரமும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. கேட்பவருக்குக் குழப்பமில்லை. மாண்டரின் சீனத்தில் உயிரின் குறில் நெடில் சொற்பொருளை மாற்றாது. தமிழில் அது அரிச்சுவடியிலேயே தொடங்குகிறது. ஆகவே கப்பலுக்கும் ஆட்டுக்கும் உரிய சொற்களைப் பிரிக்கத் தமிழ் மாணவருக்கு ஒரு வாரப் பயிற்சி வேண்டியதில்லை. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை ஊதச் சொல்லி மணிக்கணக்கில் வதைக்கும் பாடங்கள் இவர்களுக்கு வீண்.

இருவரும் சேர்ந்து இடறும் இடமும் உண்டு. மாண்டரினில் இரண்டு பகரங்கள். அவற்றில் எதிலும் குரல் அதிர்வதில்லை. ஒன்றில் மூச்சுக்காற்று வெடித்து வெளிவரும், மற்றதில் வராது. பெய்ஜிங் நகரப் பெயரின் முதலொலி மூச்சில்லாத பகரம். 'பல்' என்பதன் பகரத்துக்கு மிக நெருங்கியது. அதை அதிரொலியாகச் சொல்வதே சரி என்று நினைக்கும் நம் செய்தி வாசிப்பாளர்களைவிட, எழுத்தைப் பார்த்து வெறும் பகரமாகப் படிக்கும் பள்ளிப்பிள்ளை சீனரின் உச்சரிப்புக்கு அருகில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லொலிக்கும் இந்த மூச்சு வெடிப்பு உண்டு. தமிழில் இல்லை. எனவே திருச்சுழிக்காரர் எழுதுகோலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மூச்சின்றிச் சொன்னால், ஆங்கிலேயர் காதுக்கும் சீனர் காதுக்கும் அது அதிரொலிச் சொல்லாகப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். தான் சரியாகச் சொன்னதாக அவர் நினைப்பார், கேட்டவர் வேறொன்றைக் கேட்டிருப்பார். இதை எந்த மூன்றாம் பத்தியும் எச்சரிப்பதில்லை. கற்பது கடினமும் அன்று. நெசவூரில் ஒரு நூலிழையை வாய்க்கு முன்னே பிடித்தால் போதும். சொல்லும்போது இழை அசைய வேண்டும்.

சிங்கப்பூரைப் பார்த்தால் இது கற்பனைக் கவலை அன்று என்பது விளங்கும். அங்கே தமிழும் மாண்டரினும் ஆட்சிமொழிகள். ஆனால் தமிழரும் சீனரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தென்மாவட்டத்திலிருந்து வேலைக்குப் போகும் ஒருவரின் ஆங்கிலத்தை முதலில் கேட்கும் காது ஆங்கிலேயருடையதாக இருக்க வேண்டியதில்லை.

அழுத்தம்

ஆனாலும் புரியாமைக்குப் பெருங்காரணம் தனி ஒலிகளில் இல்லை என்ற கருத்து வலுவானது. ஐதராபாத்தில் இயங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சால் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்தது. சொல்லழுத்தம் இடம் மாறுவதை அது முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. தமிழில் அழுத்தம் மெல்லியது, பெரும்பாலும் முதலசையில் நிற்பது. அதே பழக்கத்தில் 'இஞ்சினியர்' என்று முதலசையை ஊன்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஊன்ற வேண்டியது கடைசி அசை. அனுபவத்தைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசை. நேர்முகத் தேர்வில் தன் தொழிலின் பெயரையும் தன் அனுபவத்தையும் சொல்லும் அந்த முதல் வாக்கியத்திலேயே கேட்பவர் காது தடுமாறிவிடுகிறது. மூன்றாம் பத்தியில் அழுத்தத்துக்கு ஒரு குறிகூட இல்லை. ஊன்ற வேண்டிய அசையைத் தடித்த எழுத்தில் அச்சிட்டாலே போதுமானது. கூடுதல் செலவும் இல்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் எழுதிய நூலில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் தங்களுக்குள் பேசும்போது எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தார். தொடக்க வல்லொலியின் மூச்சு, உயிரின் நீளம், வாக்கியத்தில் முதன்மைச் சொல்லை ஊன்றுவது ஆகியவை கட்டாயப் பட்டியலில் வந்தன. நன்றிச் சொல்லின் முதலொலியும் தனிச்சொல் அழுத்தமும் அதில் வரவில்லை. பன்சாலும் ஜென்கின்ஸும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், இருவரும் வெவ்வேறு உரையாடல்களை ஆராய்ந்தவர்கள் என்பதை நினைத்தால் முரண் பெரிதும் தணிகிறது. லண்டன் மருத்துவமனைக்குப் போகும் செவிலியருக்குப் பன்சால் சொல்வது பொருந்தும். சிங்கப்பூர்த் தொழிற்கூடத்துக்குப் போகிறவருக்கு ஜென்கின்ஸின் பட்டியல் முதல் மாதத்துக்குப் போதும். யாரிடம் பேசப்போகிறாய் என்று கேட்காமலே எல்லாருக்கும் ஒரே பாடத்தை விற்பது பயிற்சி மையங்களின் பெருங்குறை.

ஈற்று மெய்யிலும் ஜென்கின்ஸின் கருத்து தமிழருக்குச் சாதகம். மெய்யை விழுங்குவதைவிட உயிரைச் சேர்ப்பது புரிதலைக் குறைவாகவே கெடுக்கிறது என்கிறார். மாண்டரினில் சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்கள் மிகச் சில. ஆகவே சீன மாணவர் ஆங்கில ஈற்று மெய்யைச் சில வேளை விட்டுவிடுகிறார். தமிழர் விடுவதில்லை; 'புக்கு', 'ரோட்டு' என்று உகரத்தைக் கூட்டுகிறார். இதைத் திருத்தவும் நம்மிடம் அளவுகோல் உள்ளது. வல்லின மெய்மேல் ஏறிச் சொல்லின் ஈற்றில் நிற்கும் இந்த உகரம் குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரை என்று தமிழ் இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் இது தெரியும். அந்த அரையை ஒன்றுமில்லாமல் ஆக்கிப் பழகு என்று சொன்னால் அவருக்குச் சட்டென்று விளங்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் உதடும் பல்லும் நாவும் அண்ணமும் எங்கெங்கே தொடுகின்றன என்று சொல்வதைத் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்புக்குள் நுழையும் மாணவரிடம் அதை யாரும் பயன்படுத்தச் சொல்வதில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில்தான் அமர்கிறார்கள்.

இலங்கைத் தமிழர் 'ரொறன்ரோ', 'ரிக்கற்' என்று எழுதுவதை இங்குள்ளோர் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. அந்த எழுத்துமுறை காதைக் கூர்ந்து கேட்டு அமைந்தது. ஆங்கிலத்தில் அவ்வொலி பிறப்பது ன, ற பிறக்கும் ஈற்றுமேட்டில். நாவை மடித்துச் சொல்லும் டகரத்தின் இடத்தில் அன்று. தமிழ்நாட்டு டகரத்தால் யாருக்கும் புரியாமல் போவதில்லை, அதை மாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் மூன்றாம் பத்தி எப்படி இருக்க முடியும் என்பதற்குத் தமிழுக்குள்ளேயே ஒரு மாற்று எடுத்துக்காட்டு உள்ளது.

கடைசியாக, கேலி. 'இஸ்கூலு', 'யெக்ஸாம்', 'வொன்லி' என்று சொல்லும் பிள்ளையை வகுப்பில் சிரிக்கவைத்துத் திருத்துவது இன்னும் நடக்கிறது. எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் நுழைவது தமிழ்ப் பேச்சின் ஒழுங்கு. நடத்துநர் 'ஹோல்டான்' என்று கத்தும்போது அது தமிழ்ச் சொல், வண்டி நிற்கிறது. அவர் அதை ஆங்கிலேயர்போல் சொல்ல வேண்டியதில்லை. தமிழுக்குள் வந்த சொல்லின் தமிழ் வடிவையும், ஆங்கில வாக்கியத்தில் அதே சொல்லின் ஆங்கில வடிவையும் இரண்டாகக் காட்டினால் போதும். பிள்ளை தேவைக்கேற்ப மாறிக்கொள்ளும். வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் பேசும் அருப்புக்கோட்டைச் சிறுவர்கள் இந்த மாறுதலை நாளுக்குப் பத்து முறை செய்கிறார்கள்.

கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும் காலம் இது. அதன் பிறகும் புதிய பதிப்புகளில் மூன்றாம் பத்தி மாறாமல் அச்சாகிறது, முதுகுக்கும் பைக்கும் ஒரே 'பேக்' உடன்.